துப்பாக்கி ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஸ்டேஷன்களில் பதினோரு வருஷம் ரைட்டராக இருந்தவன் நான். ஆயுத அறைச் சாவி என் பொறுப்பு. உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வாரம் ஒருமுறை பிஸ்டலைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும். எடுக்கும்போது ஒரு கையெழுத்து, திரும்ப வைக்கும்போது ரவையை எண்ணி இன்னொரு கையெழுத்து.

பசும்பொன் பந்தோபஸ்து முடிந்து ஒருநாள் நடுராத்திரியில் வந்தார் ஓர் இளம் எஸ்.ஐ. "ரைட்டரே, கண்ணைக் கட்டுது. காலையில கொண்டாந்து வச்சிடுறேன்" என்றார். "ரெண்டு நிமிஷம்தான் ஐயா, எண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ரவைகளை மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குவார்ட்டர்ஸில் அவருக்கு நாலு வயதுப் பையன். பூட்டி வைக்க ஒரு பீரோகூட அந்த வீட்டில் கிடையாது.

2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். 2021 நவம்பரில் ஆடு திருடர்களைத் தனியாக விரட்டிப்போன நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. பூமிநாதனை வெட்டிக் கொன்றார்கள். இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போங்கள் என்றார் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு. அது நியாயம். அதைக் காட்டி, டூட்டி முடிந்த பிறகும் துப்பாக்கி இடுப்பிலேயே இருக்கட்டும் என்கிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. வில்சனும் பூமிநாதனும் பணியில் இருந்தபோது செத்தவர்கள்.

அமெரிக்காவில் டூட்டி முடிந்தும் துப்பாக்கி வைத்திருக்க 2004-லேயே சட்டம் போட்டார்கள். அங்கே போலீஸ்காரர் ஓய்வு நாளிலும் ஆயுதத்தை மறைத்து வைத்துக்கொண்டு நாடு முழுக்கப் போகலாம். நம் 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, அரசு ஊழியர் கடமையின் பொருட்டு ஆயுதம் வைத்திருப்பதற்குத்தான் விலக்கு தருகிறது. அந்தக் கோடு அழியக் கூடாது.

எங்கள் மாவட்டமே இதற்குச் சாட்சி. 2014 அக்டோபரில் எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்துக்குள், விசாரணைக்கு வந்த 24 வயது இளைஞரை எஸ்.ஐ. ஒருவர் சுட்டுக் கொன்றார். தற்காப்புக்காகச் சுட்டேன் என்றார். 2019-ல் ராமநாதபுரம் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாரா நிற்கிற இடத்தில், பதிவேடு இருக்கிற இடத்திலேயே ஒரு நிமிஷக் கோபம் இப்படி முடிந்தது. கல்யாண வீட்டில், வாய்க்கால் தகராறில், பங்காளிச் சண்டையில் அதே இடுப்பில் அதே பிஸ்டல் இருந்தால்? என் ஊர்க்காரர்களின் கோபம் எனக்குத் தெரியும். காக்கியைக் கழற்றிவிட்டால் போலீஸ்காரனும் அந்த ஊர்க்காரன்தான்.

பகையாளியால் உயிருக்கு ஆபத்து என்றால் அந்த அதிகாரிக்கு எஸ்.பி. எழுத்தில் உத்தரவு போடட்டும். நாள் குறிக்கட்டும், வீட்டில் பூட்டுப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு வேண்டியது வேறு. 2021-ல் அரசு அறிவித்த வார விடுமுறையை வாரா வாரம் தவறாமல் கொடுங்கள். தேவிபட்டினமோ தொண்டியோ, இரவு ரோந்துக்கு ஒற்றை ஆளை அனுப்பாதீர்கள். விடிகாலையில் திரும்பி வருகிறவரிடம் ரவையை எண்ணி வாங்க, விழித்திருக்கிற ஒரு ரைட்டரை ஸ்டேஷனில் வையுங்கள்.