"சிஸ்டம் எடுக்கலைங்க"

கடலைக் கொடி பிடுங்குறதைப் பத்தி எழுதுறதாச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் மனசுல வேற ஒண்ணு கிடந்து அரிக்குது. அதை முதல்ல இறக்கி வச்சுடறேன்.

எங்க நிலம் கூட்டுப்பட்டா. அப்பா காலத்துக்கு அப்புறம் அண்ணன் தம்பி நாலு பேர் பேரும் ஒரே பட்டாவுல இருக்கு. மொத்தம் 3.24 ஹெக்டேர், அதாவது எட்டு ஏக்கர். ஆளுக்கு ரெண்டு ஏக்கர். வரப்பு போட்டு அவங்கவங்க பாட்டுக்கு வெள்ளாமை பண்றோம். உட்பிரிவு மட்டும் இன்னும் பண்ணலை. வேடசந்தூர் வட்டாரத்துல பாதி குடும்பத்துக்கு இதே கதைதான்.

போன வருசம் ஒரு மானியத் திட்டத்துக்கு மனு போட்டேன். என்ன திட்டம், எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்லை. அங்க இருக்கிறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ரெண்டரை ஏக்கர் வரைக்கும் குறு விவசாயி, அஞ்சு ஏக்கர் வரைக்கும் சிறு விவசாயி. நான் ரெண்டு ஏக்கர்க்காரன், அதுக்கான சான்றும் கையில இருக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல ஏத்தினா "தகுதி இல்லை"ன்னு வருது. ஏன்னு ஒரு வரி கிடையாது.

"சிஸ்டம் எடுக்கலைங்கண்ணா"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"ஏம்மா எடுக்கலை?"

"தெரியலைங்கண்ணா. உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது."

மேல இருக்கிற அதிகாரியைப் பார்த்தேன். அவரும் நல்ல மனுசன். சான்றைப் படிச்சுப் பார்த்துட்டு, "நீங்க தகுதியானவர்தாங்க. ஆனா இதுல நான் கை வைக்க முடியாது. சாஃப்ட்வேர் சென்னையில இருந்து வருது"ன்னார். நாலு தடவை பஸ் ஏறிப் போய் வந்தேன். அதுக்குள்ள கடைசித் தேதி போயிருச்சு.

அப்புறம்தான் விசயம் தெரிஞ்சது. என் தம்பிக்கும் அதே பதில். பக்கத்து ஊர் மாமா ஒருத்தருக்கும் அதே பதில், அவங்களதும் கூட்டுப்பட்டா. என்ன நடந்திருக்கும்? பட்டாவுல இருக்கிற மொத்தப் பரப்பையும் ஒவ்வொருத்தர் கணக்குலயும் முழுசா எழுதியிருக்கும். எட்டு ஏக்கர் நிலத்தை நாலு பேருக்கு முப்பத்திரண்டு ஏக்கர் ஆக்கியிருக்கும். இது எங்க ஊகம்தான். உறுதியாத் தெரியணும்னா அந்த மென்பொருளை எழுதின வரிகளைப் பார்க்கணும். அதைப் பார்க்க வழி இல்லை. பெங்களூருல வேலை பாக்குற எங்க அண்ணன் மகன் இணையத்துல தேடு தேடுன்னு தேடினான். எங்கயும் வெளியிடலை.

இப்ப நான் சொல்ல வந்த விசயம் இதுதான். அரசாங்கம் நம்ம வரிப்பணத்துல எழுதி வாங்குற மென்பொருளோட மூலநிரல், அதான் சோர்ஸ் கோடு, எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியில இருக்கணும். சில விதிவிலக்கு இருக்கலாம். ஆனா பொது விதி அதுவாத்தான் இருக்கணும்.

முன்னாடியெல்லாம் ஒரு திட்டம் வந்தா அரசாணை வரும். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எவ்வளவு எல்லாம் அதுல எழுதியிருக்கும். கிளார்க் தப்பாச் சொன்னா, "ஆணையில இப்படித்தானே சார் இருக்கு"ன்னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பாங்க. இப்பவும் அரசாணை வருது. ஆனா நம்ம மனுவுல முடிவு எடுக்கிறது அந்தக் காகிதம் இல்லை. அதைப் படிச்சுட்டு ஒரு இன்ஜினியர் தனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதின நிரல்தான் முடிவு எடுக்குது. அரசாணையில "பங்குதாரரின் பங்கு"ன்னு இருந்து, நிரல்ல "பட்டாவின் மொத்தப் பரப்பு"ன்னு இருந்தா, ஜெயிக்கிறது நிரல்தான். அப்படின்னா உண்மையான ஆணை எது? காகிதத்துல இருக்கிறதை எல்லாரும் படிக்கலாம், கம்ப்யூட்டர்ல இருக்கிறதை யாரும் படிக்கக் கூடாதுன்னா அது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சண்டை நமக்குப் புதுசு இல்லை. 1994-ல ராஜஸ்தான்ல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்புக்காரங்க கிராமத்துல பந்தல் போட்டு மஸ்டர் ரோலைச் சத்தமாப் படிச்சாங்க. செத்தவங்க பேர்ல கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில்லு எல்லாம் வெளியில வந்துச்சு. நாட்டுலயே முதல்முதலா தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் நம்ம தமிழ்நாடு, 1997-ல. அப்புறம் 2005-ல மத்தியச் சட்டம் வந்துச்சு. அன்னைக்கு மஸ்டர் ரோல் இருந்த இடத்துல இன்னைக்கு மென்பொருள் இருக்கு. நூறு நாள் வேலையையே எடுத்துக்கங்க. 2023 ஜனவரியில இருந்து வேலைத் தலத்துல செயலியில போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவுன்னு கட்டாயம் பண்ணினாங்க. கூலி வருமா வராதான்னு முடிவு பண்றதுல ஒரு செயலிக்கும் பங்கு வந்துருச்சு. மஸ்டர் ரோலைப் படிக்க உரிமை உண்டுன்னா, அந்த இடத்துக்கு வந்ததைப் படிக்கவும் உரிமை வேணும்ல?

மானியம் போனா போகுதுன்னு என்னால இருக்க முடியும். இங்கிலாந்துல தபால் நிலையம் நடத்துனவங்களுக்கு அது கூட முடியலை. 1999-ல இருந்து அங்க ஹொரைசன்னு ஒரு கணக்கு மென்பொருள் வந்துச்சு, புஜித்சு கம்பெனியோடது. கிராமத்துல சின்னத் தபால் நிலையம் நடத்துறவங்க கணக்குல பணம் குறையுதுன்னு அது காட்டுச்சு. கேட்டா "உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருது"ன்னு சொன்னாங்களாம். எனக்குச் சொன்ன அதே வார்த்தை! கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுன்னு கோர்ட்டும் எடுத்துக்குச்சு. 2015 வரைக்கும் தொள்ளாயிரம் பேருக்கு மேல குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. சில பேர் ஜெயிலுக்குப் போனாங்க, சில பேர் உயிரையே விட்டாங்க. அந்த மென்பொருள்ல பிழைகள் இருந்துச்சுன்னு 2019-ல உயர் நீதிமன்றம் சொல்லுச்சு. 2024-ல தனிச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை மொத்தமா ரத்து பண்ணினாங்க. நிரல் திறந்து இருந்திருந்தா எல்லாம் சரியாயிருக்கும்னு நான் சொல்லலை. ஆனா மாட்டிக்கிட்டவங்க சார்பா விவரம் தெரிஞ்ச ஒருத்தர் உள்ள பார்த்துச் சொல்றதுக்கு இருபது வருசம் ஆகியிருக்காது.

சரி, நம்ம அரசாங்கம் என்ன சொல்லுது? எழுத்துல நல்லாவே சொல்லுது. 2015-ல மத்திய அரசு ரெண்டு கொள்கை வெளியிட்டுச்சு. அரசு அமைப்புகள் மென்பொருள் வாங்கும்போது திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை கொடுக்கணும், அதை விட்டுட்டு வேற எடுத்தா காரணம் சொல்லணும்கிறது ஒண்ணு. அரசே உருவாக்குற செயலிகளோட நிரலையும் மத்தவங்க எடுத்துப் பயன்படுத்துற மாதிரித் திறந்து விடணும்கிறது இன்னொண்ணு. கொரோனா நேரத்துல ஆரோக்கிய சேது செயலி 2020 ஏப்ரல்ல வந்துச்சு. நாலாபக்கமும் கேள்வி கிளம்பின பிறகு மே 26-ம் தேதி ஆண்ட்ராய்டு நிரலை வெளியிட்டாங்க. தப்புக் கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசும் அறிவிச்சாங்க. ஆக, மனசு வச்சா முடியும். அழுத்தம் குடுத்தாத்தான் மனசு வருது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கும் இதுல ஒரு கதை இருக்கு. 2006-07 வாக்குல உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்ல நிர்வாக இயக்குநரா இருந்தப்ப, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாத்தினார். 2011-ல இலவச லேப்டாப் ஆரம்பிச்சப்ப, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் குடுத்தாங்க. அது சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது. எங்க ஊர்ப் பிள்ளைங்க அதைத் திறந்துகூடப் பார்க்கலைங்கிறது வேற விசயம். சொல்லிக் குடுக்க ஆள் இல்லை. கேரளாவுல பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்குப் பயிற்சி குடுத்து லினக்ஸுக்கு மாறினாங்க, அது நிலைச்சு நின்னுருச்சு. ஆனா இதெல்லாம் அடுத்தவங்க உருவாக்கின கட்டற்ற மென்பொருளை அரசாங்கம் பயன்படுத்துறது. அதுல காசு மிச்சம். நான் கேக்குறது, அரசாங்கம் நமக்காக உருவாக்குறதைத் திறந்து காட்டச் சொல்றது. இது காசு விசயம் மட்டும் இல்லை, உரிமை விசயம்.

இதுக்கு எதிரா மூணு பேச்சு வரும்.

ஒண்ணு, "நிரலை வெளியிட்டா ஹேக் பண்ணிடுவாங்க." எங்க மோட்டார் ரூம் பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பூட்டுக் கடைக்காரர் எல்லாருக்கும் தெரியும். சாவி என் இடுப்புல இருக்கிற வரைக்கும் பயம் இல்லை. என் ஆதார் நம்பரையோ வங்கிக் கணக்கையோ வெளியிடச் சொல்லலை. அது தகவல், சாவி மாதிரி. நிரல் வேற. நீங்க கையில வச்சிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில ஓடுறது லினக்ஸ் கருதான். அதோட நிரல் உலகத்துக்கே திறந்து கிடக்கு. பாதுகாப்பு, போலீஸ் துறைன்னு சிலது மூடி இருக்கட்டும். விவசாயிக்கு மானியம் உண்டா இல்லையான்னு கணக்குப் போடுறதுல என்ன இராணுவ ரகசியம்?

ரெண்டு, "கம்பெனிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, அது அவங்க சொத்து." தகவல் உரிமைச் சட்டத்துலயே வணிக ரகசியத்துக்கு 8(1)(டி)ன்னு ஒரு விலக்கு இருக்கு. அது சரிதான், கம்பெனி சொந்தக் காசுல பண்ணியிருந்தா. நான் கூலி குடுத்துக் கிணறு வெட்டினா, தண்ணி வெட்டினவருக்கா சொந்தம்? டெண்டர்லயே "நிரல் அரசுக்குச் சொந்தம், பொதுவில் வெளியிடப்படும்"னு எழுதிட்டா, இஷ்டம் இருக்கிறவங்க வரட்டும். சுவிட்சர்லாந்துல 2024-ல இருந்து மத்திய அரசு மென்பொருளுக்கு இதைச் சட்டமாவே ஆக்கிட்டாங்க. இதுல இன்னொரு லாபமும் உண்டு. நிரல் நம்ம கையில இல்லைன்னா சின்னத் திருத்தத்துக்கும் அதே கம்பெனிகிட்டதான் போய் நிக்கணும். வருசா வருசம் வீரிய ரக விதை வாங்குற எங்களுக்கு அந்த வலி நல்லாவே தெரியும். அப்புறம், நிறைய அரசு மென்பொருளை எழுதுறது தேசிய தகவலியல் மையம். 1976-ல இருந்து இருக்கிற அரசோட சொந்த அமைப்பு. அங்க கம்பெனிச் சாக்குக்கும் வேலை இல்லை.

மூணாவது பேச்சுதான் முக்கியம். "திறந்து வச்சா மட்டும் எரியோட்டு விவசாயி படிச்சுக் கிழிச்சுருவாரா?"

இல்லைங்க, என்னால படிக்க முடியாது. நில வரைபடத்தைப் பார்த்து நானே சங்கிலி பிடிச்சு அளக்கவும் எனக்குத் தெரியாது. ஆனா அந்த வரைபடம் எனக்குக் கிடைக்குங்கிறதாலதான் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டி வந்து அளக்க முடியுது. கணக்கு வழக்கு படிக்கத் தெரியாதவங்களுக்கும் கிராம சபையில கணக்கு வாசிக்கணும்னு ஏன் வச்சாங்க? கூட்டத்துல ஒருத்தருக்குப் புரிஞ்சாப் போதும்கிறதாலதானே. எங்க ஊர்ல இன்ஜினியரிங் படிக்காத பிள்ளைங்க இருக்கிற தெருவே இல்லை. திண்டுக்கல்ல, மதுரையில காலேஜ் பிள்ளைங்களுக்கு ப்ராஜெக்ட் கிடைக்கலைன்னு காசு குடுத்து வாங்குறாங்க. கூட்டுப்பட்டா பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்திக் காட்டுறதை விட நல்ல ப்ராஜெக்ட் எது?

நிரலைத் திறந்ததும் எல்லாம் சரியாயிடாது, அதையும் ஒத்துக்கறேன். தப்பைக் காட்டினா வாங்கிப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். இல்லைன்னா அதுவும் புகார்ப் பெட்டி மாதிரித் தூசி படிஞ்சு தொங்கும். அதனால முதல் படியா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒருத்தருக்கு உண்டு, இல்லைன்னு முடிவு எடுக்கிற பகுதியை மட்டுமாவது எல்லாத் திட்டத்துக்கும் வெளியிடுங்க. "தகுதி இல்லை"ன்னு வந்தா, எந்த விதிப்படின்னு அதே திரையில காட்டுங்க. அவ்வளவு இருந்திருந்தா எனக்கு நாலு பஸ் பயணம் மிச்சம். அந்தப் பொண்ணுக்கும் என்கிட்ட ஏச்சு வாங்குற பாவம் மிச்சம்.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் ஐ.டி. துறையிலதான் இருக்கீங்க. அரசு வேலையை எடுத்துப் பண்ற கம்பெனிகள்லயும் சிலர் இருப்பீங்க. எங்க பட்டாவையும் கூலியையும் கணக்குப் போடுற வரிகளை எழுதுறது நீங்கதான். கூட்டுப்பட்டான்னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லாம இருந்திருக்கலாம். திறந்து வச்சா நாங்க சொல்லுவோம்.

உட்பிரிவுக்கு மனு குடுத்திருக்கோம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இந்தத் தடவையாவது சிஸ்டம் எடுக்குதான்னு பார்ப்போம்.