தோலும் தொழிலும்



சென்ற ஆண்டு இறுதியில், ஆறாம் ஆண்டு மாணவர் சிலருக்குத் தோலில் சிறு பணப்பை செய்யக் கற்பித்தோம். ஒரு தந்தையார் நம்மிடம் வந்து, "ஐயா, படிக்க அனுப்பிய பிள்ளையைத் தோல் தைக்க உட்கார வைக்கலாமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று வருந்தினார். அவருக்குரிய விடையை அனைவர் முன்னிலையிலும் கூற விரும்புகிறோம்.

இக்கலையில் நாமும் தொடக்க மாணவரே. ஐம்பது வயதைக் கடந்த பின்னரே பழகத் தொடங்கினோம். முதன்முதலில் கடையில் மெதுவாயிருந்த தோலைத் தேர்ந்தெடுத்து, நீரால் நனைத்து, அதில் ஒரு பூவை அச்சாகப் பதித்தோம். மறுநாள் பார்த்தால் பூ மறைந்திருந்தது! கை தவறவில்லை, தோலின் இயல்பை அறியாததே தவறு.

தோலைப் பதப்படுத்தும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. ஆவாரை, கருவேலம் போன்றவற்றின் பட்டைச் சாற்றில் ஊறவைப்பது ஒன்று. இதற்குப் பல வாரங்கள் செல்லும். இத்தோல் விறைப்பானது, நனைத்துப் பதித்த உருவத்தை விடாமல் காக்கும். குரோமிய உப்பால் பதப்படுத்துவது மற்றொன்று. 1884இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஓரிரு நாளில் முடியும் இம்முறையில் தோல் மென்மை பெறும்; ஆனால் பதித்த உருவம் அதில் நில்லாது.

விலங்குக்கேற்பவும் தோல் மாறுபடும். ஆட்டுத்தோல் மெல்லியது, எனினும் உறுதியானது. செம்மறித்தோல் மிக மென்மையானது, எளிதில் கிழியும். எருமைத்தோல் தடிப்பானது. பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகக் கூடியிருக்கும். பல சமயத்தார் வாழும் நம் நாட்டில், பிறர்க்குப் பொருள் செய்து கொடுப்போர் இதனை அறிந்திருத்தல் கடமையாகும்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இத்தொழிலின் நுட்பம் எளிதில் விளங்கும். கத்தி பட்டையில் ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். தோலிலும் அவ்வாறே. துணியில் தவறாக ஊசி குத்தினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் இட்ட துளை என்றும் மறையாது. ஆகவே முதலில் தாளில் அளவு வெட்டி, கழிவுத் துண்டில் பழகி, அதன் பின்னரே நல்ல தோலைத் தொடவேண்டும். கத்தியை எடுக்கும்போது பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும். பொறுமை, அளவு, கவனம் ஆகிய இம்மூன்றும் கணக்குப் பாடத்திற்கும் வேண்டியவை அல்லவா?

இனி, அத்தந்தையாரின் கேள்விக்கு வருவோம். மிருதங்கத்தில் மாட்டுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் சேர்ந்தே நாதம் பிறக்கின்றது. தைப்பூசத்தில் உறுமி முழங்கும்போது மெய்சிலிர்த்து நிற்கிறோம். ஒலியைக் கேட்டுக் கைகூப்பிவிட்டு, அத்தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டிய கையைக் கண்டு முகஞ்சுளிப்பது அறமாகுமா? பிறப்பை வைத்துத் தொழிலை இழிவென்று எண்ணும் மடமையை நம் முன்னோர் சிலர் கப்பலில் உடன் கொண்டுவந்தனர். அதனை நம் பிள்ளைகளின் தலையிலும் ஏற்ற வேண்டுமா? 1948இல் தொடங்கிய நடுவண் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இன்றும் இயங்குகின்றது. அங்கே அறிவியல் கற்றோர் தோலை ஆராய்கின்றனர். அவர்தம் கல்விக்கு அதனால் இழுக்கு நேர்ந்துவிடவில்லை.

பாடநூலை மூடிவிட்டுத் தோல் தைக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. படிப்பே முதன்மை. ஆயினும் கையால் ஒன்றைச் செய்யத் தெரிந்த பிள்ளை, பிறர் உழைப்பின் அருமையையும் அறியும்.

அத்தந்தையாரின் மகன் செய்த பணப்பை நம் மேசையின்மீது உள்ளது. அதன் ஒருபக்கத் தையல் கோணல். மறுபக்கத் தையல் நேர். முதற்பக்கத்தைத் தைத்து முடித்து மறுபக்கத்திற்கு வருவதற்குள் அவன் கற்றது சிறிதன்று. பெற்றோர்களே, நேரில் வந்து அதனைப் பாருங்கள். பார்த்த பின்னர் உங்கள் முடிவைக் கூறுங்கள்.