வட்டி பேசும் மொழியும் வெங்காயம் பேசும் மொழியும்

இரு மாதங்களுக்கு ஒருமுறை மும்பையில் ரிசர்வ் வங்கி ஆளுநர் ரெப்போ வட்டி விகிதத்தை அறிவிக்கிறார். பங்குச் சந்தையும் வங்கிகளும் அவரது ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுகின்றன. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் மாதத் தவணை கூடுமா, குறையுமா என்று பார்க்கிறார்கள். எஞ்சிய கோடிக்கணக்கானோர் கவனிப்பதெல்லாம் வெங்காயம், பருப்பு, பெட்ரோல், சமையல் எரிவாயு விலைகளைத்தான்.

இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றாடச் செலவை எது தீர்மானிக்கிறதோ அதைக் கவனிப்பது மனித இயல்பு. ஆனால், நாட்டின் வட்டிக் கொள்கை வேறோர் அனுமானத்தின் மீது நிற்கிறது. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்கத்துக்கு 4 சதவீத இலக்கும், 2 முதல் 6 சதவீத வரம்பும் வகுக்கப்பட்டன. மக்கள் அந்த இலக்கை நம்பி, அதற்கேற்பக் கூலி கேட்பார்கள், விலை வைப்பார்கள் என்பதே அதன் ஆதாரம். இலக்கையே அறியாதவர்கள் அதை எப்படி நம்புவார்கள்?

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகச் சரிந்தது. அடுத்த மாதம் ரிசர்வ் வங்கி நகர்ப்புறக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்விலோ, விலைவாசி 6 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்து வருவதாகவே மக்கள் கருதினர்.

மக்கள் கவனிக்கும் விலைகள் பலவற்றில் அரசின் கை இருக்கிறது. 2020-ல் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தபோது, பெட்ரோல் மீதான வரியை மத்திய அரசு இரு தவணைகளில் லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. விலைச் சரிவின் பயன் மக்களை எட்டவில்லை. 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. அதே மாதம் அரசு பெட்ரோல் மீதான வரியை 8 ரூபாய் குறைத்தது. வட்டி உயர்வின் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். வரிக் குறைப்போ மறுநாளே பெட்ரோல் பங்க்குகளில் தெரிந்தது.

ஆனால், வரிக் குறைப்பும் இலவசமன்று. வருவாய் குறைந்தால் பற்றாக்குறை கூடும். அரசு அதிகம் கடன் வாங்க நேரும். வட்டி உயர்வு அந்தக் கடனின் சுமையைப் பெருக்கும். ஒரு கை செய்வது மறு கைக்குத் தெரியாவிட்டால் இரண்டும் வீண்.

2022-ல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6 சதவீதத்தைத் தாண்டியது. சட்டப்படி ரிசர்வ் வங்கி அரசுக்கு விளக்கக் கடிதம் அளித்தது, அது வெளியிடப்படவில்லை. விலைவாசியில் பாதி லகான் தில்லியில் இருக்கும்போது, தோல்விக்கான விளக்கம் மட்டும் மும்பையிலிருந்து வருவது எப்படி முறையாகும்?

வரி முடிவுகள் விலைவாசியை எவ்வளவு பாதிக்கும் என்பதை நிதிநிலை அறிக்கை வெளிப்படையாகக் கூற வேண்டும். ரிசர்வ் வங்கியும் தனது முடிவுகளைச் சந்தைக் கூடையின் மொழியில், மக்களின் மொழிகளில் விளக்க வேண்டும். மக்கள் கவனிக்கவில்லை என்று குறைகூறுமுன், அவர்கள் கவனிக்கத் தக்கதாகப் பேசப்பட்டதா என்று ஆட்சியாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.