மாதா கோயில் பார்க்கப் போகின்றவர்களுக்கு

நம்மவர்களுக்குள் கையில் நாலு காசு சேர்ந்துவிட்டவர்களிடத்தில் இப்பொழுது ஒரு புது வழக்கம் பரவி வருகின்றது. காசி, இராமேசுவரம், பழனி என்று போய்க்கொண்டிருந்தவர்கள் ரோமாபுரி, பாரிஸ், ஜெர்மனி என்று போகத் தொடங்கியிருக்கின்றார்கள். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள் மலாக்காவரையிலாவது போய், அங்குள்ள சிவப்பு நிறக் கோயிலின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு வருகின்றார்கள். போவதை நாம் குறை கூறவில்லை. கிணற்றுத் தவளையாயிருப்பதைவிட அது மேலானதே. நாம் கண்டிக்க வந்தது, திரும்பி வரும்போது அவர்கள் கூடவே கொண்டுவருகின்ற ஒரு வாதத்தை.

அவ்வாதம் யாதெனில், "விஞ்ஞானத்தில் தலைசிறந்த வெள்ளைக்காரனே ஐந்நூறு, எழுநூறு வருஷத்துக் கோயில்களைக் கண்ணும் கருத்துமாய்க் காப்பாற்றுகின்றான். நாம் ஒரு ராஜகோபுரம் எழுப்பினால் மட்டும் சீர்திருத்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்" என்பது. ரந்தாவில் டீக்கடையிலும் கேட்டோம். கோயில் கமிட்டிக் கூட்டத்திலும் கேட்டோம். கேட்டவர்கள் தலையாட்டினார்களேயொழிய, அந்தக் கோயில்கள் எப்படிக் கட்டப்பட்டன, கட்டியபின் அவற்றுக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் வினவவில்லை. ஆகவே நாம் வினவுகின்றோம்.

ரோமாபுரியிலுள்ள புனித பேதுரு ஆலயத்தைக் கண்டு மலைக்காதவர் இல்லை. அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டியது 1506-ல். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பணம் திரட்டிய வழிகளில் முக்கியமான ஒன்று பாவமன்னிப்புச் சீட்டு. செத்துப்போன தாய் தகப்பன் நெருப்பில் வேகாமலிருக்க வேண்டுமானால் இன்ன தொகை கொடு என்று ஊர் ஊராய்ப் போய் விற்றார்கள். ஜெர்மனியிலுள்ள உழவனும் நெசவாளியும் பெட்டியில் காசு போட, இத்தாலியிலே கோபுரம் எழும்பிற்று. திதி, தர்ப்பணம், தோஷ பரிகாரம் என்பவற்றின் விலைப் பட்டியலை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டுவதில்லை. அந்த வியாபாரத்தை எதிர்த்துத்தான் 1517 அக்டோபர் 31-ல் விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்ற துறவி 95 வாதங்களை வெளியிட்டார். ஆகவே எந்தக் கோபுரத்தைக் காட்டி நம் வாயை அடைக்கப் பார்க்கின்றார்களோ, அந்தக் கோபுரந்தான் ஐரோப்பாவில் கேள்வி கிளம்புவதற்கே காரணமாயிற்று.

விட்டன்பர்க்குக்கும் நம்மவர் போகின்றார்கள். 2017-ல் ஐந்நூறாவது ஆண்டு விழா நடந்தபோது அங்கே உலகமே கூடிற்று. அரண்மனைக் கோயிலின் கதவில் அந்த 95 வாதங்களும் வெண்கலத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. லூதர் ஆணியடித்த கதவே இதுதான் என்று தொட்டுக் கும்பிடாத குறையாக நிற்கின்றார்கள். பழைய மரக் கதவு 1760-ல் யுத்தத்தில் எரிந்துபோயிற்று. வெண்கலக் கதவு 1858-ல் வைத்தது. அவர் ஆணியடித்தாரா, தபாலில் அனுப்பினாரா என்பதே சரித்திரக்காரர்களுக்குள் வழக்காயிருக்கின்றது. ஆணி அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன? 1522-ல் புதிய ஏற்பாட்டையும் 1534-ல் வேதம் முழுவதையும் சந்தைக்கடைப் பெண்ணுக்கும் புரிகின்ற ஜெர்மன் பாஷையில் அச்சிட்டுக் கொடுத்தாரே, அதுவல்லவா காரியம்! கடவுளுக்கு லத்தீன் மட்டுமே தெரியும் என்ற நினைப்பு அன்று செத்தது. கடவுளுக்கு சமஸ்கிருதம் மட்டுமே தெரியும் என்ற நினைப்பு நம் தோட்டத்துக் கோயில்களில் இன்றும் தட்டும் தீபமுமாய் உயிரோடிருக்கின்றது.

ஹாலந்து தேசத்தில் உத்ரெக்ட் நகரத்துப் பெரிய கோயிலில் சிற்பம் நிறைந்த கல் பீடம் ஒன்று இருக்கின்றது. அதிலுள்ள உருவங்களின் முகங்களையெல்லாம் 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்கள் உளி கொண்டு செதுக்கித் தள்ளிவிட்டார்கள். அழகான சிற்பத்தை உடைத்தது அநியாயம் என்று நாமும் சொல்லுவோம். உடைப்பது நமது கட்சியன்று. ஆனால் வெள்ளைக்காரன் பழமையை அப்படியே பூஜித்து வந்தான் என்று சொல்லுகின்றவர், அந்த முகமில்லாத உருவங்களுக்கு என்ன சமாதானம் சொல்லப்போகின்றார்?

அவ்வளவு தூரம் போவானேன்? ரந்தாவிலிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரத்துக்குள் மலாக்கா. குன்றின்மேல் இருக்கின்ற கூரையில்லாத கோயில், 1521-ல் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில். பிரான்சிஸ் சவேரியார் அங்கே பிரசங்கம் செய்தார். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542 முதல் ஊழியம் செய்த அதே சவேரியாருடைய சடலம், 1553-ல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன் சில மாதங்கள் அங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. 1641-ல் உலாந்தாக்காரர் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்கள் சீர்திருத்தச் சபையார். மாதாவை வணங்குகின்றவர்கள் அல்லர். மாதா பெயரை நீக்கிவிட்டுப் பவுல் பெயரை வைத்து, அதையே தங்கள் கோயிலாக்கிக்கொண்டார்கள். நகரத்தைப் பிடித்த நூறாவது ஆண்டாகிய 1741-ல் கீழே புதுக் கோயிலுக்கு அஸ்திவாரமிட்டு 1753-ல் முடித்தார்கள். அதுவே இன்றைய சிவப்புக் கோயில். நம் ஜனங்கள் அதையும் "மாதா கோயில்" என்றே சொல்லுகின்றார்கள். கட்டிய உலாந்தாக்காரன் காதில் விழுந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்து சண்டை பிடிப்பான்.

உள்ளே போய்ப் பாருங்கள். 82 அடி நீளம், 42 அடி அகலம், 40 அடி உயரமுள்ள ஒரு நீண்ட சதுர அறை, அவ்வளவுதான். ஒவ்வொரு உத்தரமும் ஒரே மரத்தில் அறுத்தது. பிராகாரம் இல்லை, கர்ப்பக்கிருகம் இல்லை, இன்னார் இதற்குமேல் வரக்கூடாது என்ற படி இல்லை. சொல்லுகின்றவன் குரல் கடைசிப் பெஞ்சிலிருப்பவன் காதுக்கு எட்டவேண்டும் என்பது ஒன்றே அக்கட்டடத்தின் சாஸ்திரம். பார்ப்பதற்குக் கட்டிய கோயிலுக்கும் கேட்பதற்குக் கட்டிய கோயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கண்ணால் காணலாம். வந்தவர்கள் வெளியே பூ ஜோடித்த மூன்று சக்கர வண்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே நுழையாமலே திரும்புகின்றார்கள்.

அக்கோயிலில் நமக்கு, தமிழர்களுக்கு, ஒரு தனிச் சம்பந்தம் உண்டு. மலாக்கா பிரிட்டிஷார் கைக்கு வந்தபின், 1838-ல் அதை இங்கிலாந்துச் சபை முறைப்படி பிரதிஷ்டை செய்தவர் கல்கத்தா பிஷப்பாகிய டானியல் வில்சன். இந்த வில்சன் யார்? 1833-ல் தென்னாட்டுச் சபைகளுக்கு, ஜாதி வித்தியாசத்தை உடனே, மீதியில்லாமல், அடியோடு விட்டொழிக்க வேண்டுமென்று உத்தரவு அனுப்பியவர். சபைக்குள் ஜாதிக்கொரு பக்கம் உட்காரக்கூடாது, நற்கருணையை ஜாதி முறைப்படி முன்பின்னாக வாங்கக்கூடாது என்றார். விளைவு என்ன? வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்; பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், அத்தனை பெரிய கவி, தம் எழுத்து வன்மையை ஜாதிக்குப் பரிந்து பேசவே செலவிட்டார். 1835-ல் பிஷப் நேரே தஞ்சைக்கு வந்து பேசியும் காரியம் முழுதும் பலிக்கவில்லை. ஏசுவை விட்டாலும் விடுவோம், ஜாதியை விடோம் என்று நின்ற கூட்டத்தைக் கண்டுவிட்டு வந்த அதே மனிதர்தான், மூன்று வருஷம் கழித்து மலாக்காக் கோயிலில் நின்று ஜெபம் செய்தார்.

இனி நமது தரங்கம்பாடியைப் பார்ப்போம். டேனிஷ் அரசர் அனுப்ப, 1706 ஜூலை மாதத்தில் சீகன்பால்கு அங்கே வந்திறங்கினார். அநாதையான ஒரு விதவைக்காகப் பேசப்போய்க் கோட்டைத் தளபதியினால் சுமார் நான்கு மாதம் சிறையிலடைக்கப்பட்டார். 1714-ல் தமிழில் சுவிசேஷங்களை அச்சிட்டார். (தமிழ் அச்சு முதலில் அவர்களாலன்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டது சீர்திருத்தத்துக்கு எதிர்க்கட்சியாகிய சேசு சபையார். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.) 1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கின்றது, அவரும் அதற்குள்ளேயே புதைக்கப்பட்டிருக்கின்றார். ஆனால் லூதருடைய உபதேசத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த அந்தக் கோயிலுக்குள்ளே நம்மவர் எப்படி உட்கார்ந்தார்கள்? ஜாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். வெள்ளாளராகிய ஆரோன் 1733-ல் குருவானார். தஞ்சைச் சீமையில் எத்தனையோ பேரை மார்க்கத்தில் சேர்த்த ராஜநாயக்கன் என்பவர், முன்னாள் சிப்பாய், பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்ஜாதியார் கூசுவார்கள் என்று பாதிரிமார் பயந்தார்கள். 1741-ல் குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. விசுவாசிகள் யாவரும் குருமார்களே என்று லூதர் சொன்னது, தரங்கம்பாடிக் கடலலையில் நனைந்து எழுத்தழிந்துபோயிற்று போலும்!

இன்னொன்று. திருக்குறளை ஜெர்மன் பாஷையில் பெயர்த்த கிரௌல் என்ற லூத்தரன் பண்டிதரை நாம் கொண்டாடுகின்றோம், கொண்டாட வேண்டியதே. ஆனால் லைப்சிக் மிஷனுக்குத் தலைவராயிருந்த அவரே, ஜாதியை வன்மையாய்க் கண்டிக்கத் தேவையில்லை என்று வாதாடினார். வில்சன் கட்சிச் சபைகளில் மனம் கசந்த மேல்ஜாதியாரில் பலர் அந்த மிஷனிடம் போய்ச் சேர்ந்தார்கள். பிறப்பொக்கும் என்று பாடிய புலவனை மொழிபெயர்த்த கை அது.

கத்தோலிக்கர் பக்கம் மட்டும் யோக்கியமா? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலை 1872-ல் காற்சட்டை போல இரண்டு கவடாகக் கட்டினார்கள், ஒரு கவட்டில் பிள்ளைமார், மற்றதில் நாடார், நடுவே சுவர். 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சுவரை இடித்தார். பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். கர்ப்பக்கிருகத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவிலே நாம் கட்டிய சுவரைத்தான், மதம் மாறும்போது மூட்டையோடு கட்டிக்கொண்டுபோய் அங்கேயும் எழுப்பினோம்.

லூதரையும் நாம் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. 1525-ல் ஜெர்மனியிலுள்ள குடியானவர்கள் எழுந்து, தங்கள் குருவைத் தாங்களே தெரிந்தெடுக்க உரிமை வேண்டும், அடிமை முறை ஒழியவேண்டும் என்று பன்னிரண்டு கோரிக்கைகள் விடுத்தார்கள். பிரபுக்களின் பக்கம் நின்று, அவர்களை ஒடுக்கும்படி எழுதினார் லூதர். ஒரு லட்சம் பேர் வரையில் மடிந்ததாகக் கணக்கிடுகின்றனர். லூதர் விழாவுக்கு ரயில் ரயிலாய்க் கூட்டம் போயிற்று. குடியானவருடைய ஐந்நூறாவது ஆண்டு 2025-ல் வந்துபோனதை நம் யாத்திரைக்காரர் ஒருவராவது அறிவாரா என்பது சந்தேகம். கூலி வேலை செய்து பிழைத்தவர் பேரப்பிள்ளைகள் நாம்; நமக்கல்லவா அது முதலில் ஞாபகம் வரவேண்டும்?

ஆயினும் ஐரோப்பியரிடத்தில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. லூதர் பிரசங்கம் செய்த விட்டன்பர்க் ஊர்க்கோயிலின் வெளிச்சுவரில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவு செய்கின்ற பழைய சிற்பம் ஒன்று இருக்கின்றது. அதை எடுத்துவிட வேண்டுமென்று வழக்கு நடந்தது. 2022-ல் ஜெர்மன் உயர்நீதிமன்றம், இருக்கலாம் என்றது. ஏன்? அதன் கீழே 1988-ல் சபையார் தங்கள் வெட்கத்தைத் தாங்களே எழுதிப் பதித்திருக்கின்றார்கள் என்பதற்காக. நம் கோயில்களிலே டியூப் லைட்டில்கூட உபயகாரர் பெயர் எழுதியிருக்கின்றது; வெளிச்சம் வருவதற்கே இடமில்லை. இக்கோயிலுக்குள் இன்னாரை இன்ன வருஷம் வரையில் விடவில்லை என்று எழுதிய பலகை ஒன்றை, இந்த நாட்டிலோ தமிழ்நாட்டிலோ யாரேனும் கண்டதுண்டா?

ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து தோட்டந்தோட்டமாகக் கேட்ட கேள்விகளில் பல இன்னும் பதிலின்றிக் கிடக்கின்றன. சகல ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்பதற்கு வழி செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1971-ல் வந்தது. பயிற்சி பெற்ற பல ஜாதியார் 24 பேருக்கு வேலை உத்தரவு கையில் கிடைத்தது 2021 ஆகஸ்டில். ஐம்பது வருஷம்! அங்காவது சட்டம் ஒன்று இருக்கின்றது. இங்கே நம் கோயில்களுக்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கமிட்டியார் மனம்தான் குறுக்கே நிற்கின்றது. தோட்டத்துச் சம்பளப் பட்டியலை மாதாமாதம் எழுதுகின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்லுவோம். பால் வெட்டுகின்ற ஒரு பெண்பிள்ளை திருவிழாத் தண்டலுக்குக் கொடுக்கின்ற ஐம்பது வெள்ளி, அவள் விடியுமுன் எழுந்து காட்டுக்குள் போகின்ற ஒரு நாள் உழைப்பு. அந்தப் பணம் சுண்ணாம்பும் வர்ணமுமாய்க் கோபுரத்தில் ஏறுகின்றது. அதே கோயிலுக்கு எதிரிலுள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தில் அலமாரி இருக்கின்றது, புத்தகம் இல்லை.

இந்த வருஷத்துக் கோயில் பொதுக்கூட்டத்துக்கு நாமும் நண்பர்கள் சிலரும் இரண்டு தீர்மானங்களை எழுத்து மூலமாய்க் கொடுத்திருக்கின்றோம். ஒன்று, அர்ச்சனை தமிழில் நடக்கவேண்டும். செய்பவர் எக்குலத்தவராயினும், எங்கே பிறந்தவராயினும் சரி. மற்றொன்று, திருவிழா வரவு செலவுக் கணக்கைக் கோயில் வாசலிலே எல்லாரும் படிக்கும்படி ஒட்டி, மிச்சத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவுக்குப் போய்வந்த கமிட்டி அங்கத்தினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நம் சம்பிரதாயத்துக்கு ஒத்துவராது" என்றார். அவர் வீட்டு முன்னறையில் விட்டன்பர்க் கதவுக்கு முன்னால் அவர் நிற்கின்ற படம் பெரிதாக மாட்டியிருக்கின்றது. தீர்மானங்கள் இரண்டும் இதை எழுதுகின்ற நாள் வரையில் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை.