நல்கை பெறுவோம், வினாவை விற்கோம்!

மாந்தனுக்கும் பொறிக்கும் இடையே நிகழும் உறவாடலை ஆராய்ந்து முனைவர்ப் பட்டம் பெற விழையும் தமிழிளைஞர், “நல்கை எங்குக் கிடைக்கும்?” என்றே முதலில் வினவுகின்றனர். வினா தவறன்று, வயிறு காய்ந்தால் அறிவும் காயும். ஆயினும் அதற்கு முன்னரே நெஞ்சைக் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு: நான் எதனை ஆராயப் போகின்றேன்? யாருக்காக?

1963ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டு மாசாச்சூசெட்சு தொழில்நுணுக்கக் கழகத்தில் ஐவான் சதர்லாண்டு என்னும் 24 அகவை இளைஞர் தம் முனைவர்ப் பட்ட ஆய்வுரையை அளித்தார். அவர்க்கு நெறியாளராய் அமைந்தவர் பேரறிஞர் கிளாடு சேனன். அந்நாளில் துளையிட்ட அட்டைகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்துக்கிடப்பதே பெருவழக்கு. சதர்லாண்டோ ஒளிக்கோலால் திரைமீது கோடு வரைந்தார். பொறி அதனை அப்போதே உணர்ந்து திருத்தமாய்க் காட்டிற்று. இன்று பொறியாளர் கணிப்பொறியில் தீட்டும் வரைபடங்களுக்கெல்லாம் அவ்வாய்வே முன்னோடி.

அக்கணிப்பொறி யாருடையது? வான்காப்பு ஆய்வுக்கென 1951இல் நிறுவப்பட்டு, அமெரிக்க முப்படைகளின் பணத்தால் இயங்கிய இலிங்கன் ஆய்வகத்தினுடையது. பணம் படையினுடையது, ஆனால், மாந்தன் வரைவதைப் பொறி புரிந்துகொள்ளுமா என்னும் வினா அவ்விளைஞருடையது! நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே. நல்கை பெறுவது இழுக்கன்று. வினாவை விற்பதே இழுக்கு. பணம் தருவோன் விரும்பும் வினாவையே தன் வினாவாக்கிக்கொள்பவன் கூலிக்கு மாரடிப்பவன், ஆய்வாளன் அல்லன்.

பல்கலைக்கழக நல்கைக் குழு இளநிலை ஆய்வாளர்க்குத் தரும் திங்கள் உதவித்தொகையை 2023 சனவரி முதல் 37,000 உருபாவாக உயர்த்தியது. அஃது உழவனும் நெசவாளனும் செலுத்திய வரிப்பணம். ஆகலின் அவர்தம் இடர்ப்பாடே ஆய்வுப்பொருளாதல் முறை. எழுத்தறியாத மூதாட்டி வைப்பகப் பொறிமுன் ஏன் திகைத்து நிற்கின்றார்? நூல்வழக்கை மட்டும் கற்ற பொறி, நெல்லையார் பேச்சையும் கோவையார் பேச்சையும் கேட்டால் என்ன செய்யும்? இவை ஆய்வுக்குரிய வினாக்கள் அல்லவா?

மொழியின் இயல்பறிந்து பொறியை அமைத்தால் எளிமை தானே வாய்க்கும். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையே சான்று. உயிர்க்குப் 12, மெய்க்கு 18, ஆய்தத்திற்கு ஒன்று என 31 விசைகளே 247 எழுத்துகளையும் ஈனுகின்றன. தமிழின் எழுத்தியலை உணர்ந்தோர் கண்ட வழி அது.

தம்பியரே, தங்கையரே! ஆய்வில் சேருமுன் நெறியாளரை அணுகி, “என் வினா என்னுடையதாகவே இருக்குமா?” என்று கேளுங்கள். உதவித்தொகை எத்தனை ஆண்டு வரும், இடையில் நின்றால் என் செய்வது என்பதையும் தெளிந்துகொள்ளுங்கள். எம்மொழியில் ஆய்வுரை எழுத நேரினும், அதன் சுருக்கத்தையேனும் தூய தமிழில் எழுதி மக்கள்முன் வையுங்கள். பொறிக்கேற்ப நம் மக்கள் நாவை மாற்றிக்கொள்வதா? மக்கள் நாவுக்கேற்பப் பொறியை மாற்றுவதா? விடை உங்கள் கையில்!