பெயிண்ட் மீது பழி போடலாமா?

பழவேற்காடு ஏரிக் கரையில் பைபர் படகுகள் நிற்கின்றன. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரம் எங்கும் பெருகிய படகுகள் இவை.

கண்ணாடி இழையும் பிளாஸ்டிக் பசையும் சேர்ந்ததுதான் பைபர். அதில் அடித்த பெயிண்ட் செதில் செதிலாக உரிந்தால், "பெயிண்ட் மட்டம்" என்று திட்டுகிறார்கள்.

குற்றம் பெரும்பாலும் பெயிண்டில் இல்லை. அதற்கு அடியில் இருக்கிறது!

படகு அச்சில் ஒட்டாமல் கழன்று வர மெழுகு தடவுவார்கள். அந்த மெழுகு படகிலும் தங்கும். பிறகு உப்பும் மீன் கொழுப்பும் சேரும். அதன் மேல் பிரைமர் எப்படிப் பிடிக்கும்?

முதலில் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவவேண்டும். தின்னரால் மெழுகைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசி போக்கி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு பிரைமரை மெல்லிசாக இரண்டு தடவை அடிக்கலாம்.

ஸ்பிரே அடிப்பவர்கள் கடற்காற்றுக்கு மறைப்புக் கட்டவேண்டும். இல்லாவிட்டால் பிரைமர் பாதி வழியிலேயே காய்ந்து, மணல் போல் சொரசொரப்பாகும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது அவசியம்.

"ஒரு நாள் தொழில் போகுமே!" என்பார்கள். உண்மைதான். ஆனால், ஒரு நாளை மிச்சம் பிடித்து, டப்பா டப்பாவாகப் பெயிண்டைத் தண்ணீரில் விடுவது சிக்கனமா?

குழந்தையின் பிளாஸ்டிக் பொம்மைப் படகுக்கும் இதே விதிதான். கழுவாத படகில் எந்தப் பெயிண்டும் நிற்காது!