எலியாவுக்கும் விசுவாசம் போதாதாம்

மனச்சோர்வு என்றால் விசுவாசக் குறைவு, ஒரு ராத்திரி உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தால் ஓடிவிடும் என்ற எண்ணம் தமிழ்க் கிறிஸ்தவர் பலரிடம் வேதவாக்குக்கு இணையாக வேரூன்றிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில் பக்கம் அண்மையில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு ஜெபக் கூட்டப் போஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போய், சோர்வு நீங்கும் நேரத்தையும் அச்சிட்டிருந்தது: மாலை 6.30. அந்த ரூட்டில் டவுன் பஸ்கூட இவ்வளவு உறுதியாக நேரம் சொல்வதில்லை.

இந்தக் கணக்கில் முதலில் தோற்பவர் எலியா தீர்க்கதரிசி. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் முன்னிலையில் வானத்திலிருந்து அக்கினியை வரவழைத்தவர், யேசபேலின் ஒரே மிரட்டலுக்கு ஓடிப்போய், வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்டார். வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. பாவத்தை அறிக்கையிடச் சொல்லவில்லை. தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். பிறகு ஓரேபில் கர்த்தரின் மெல்லிய சத்தத்தைக் கேட்ட பின்னும் அவர் பழைய புலம்பலையே வரி பிசகாமல் ஒப்பித்தார். நம்மூர் மேடையாக இருந்தால் அப்போதே மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

எலியா போதாதென்றால் கெத்செமனே தோட்டத்தில் துக்கப்பட்ட இயேசுவே இருக்கிறார். அந்தத் துக்கம் இங்கே தெரியாததல்ல; குன்றாண்டார்கோவில் வட்டாரத்துக்குக் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. வீரமாமுனிவர் பணிபுரிந்த ஆவூரில் இன்றுள்ள பெரிய கோயில் 1747-இல் கட்டப்பட்டது. அத்தகைய கோயில்களில் புனித வாரந்தோறும் இயேசுவின் பாடுகள் வாசிக்கப்படுகின்றன. சாவு வருமளவுக்குத் துக்கப்பட்டவரை வணங்கிவிட்டு வெளியே வந்து, துக்கப்படுபவரைப் பார்த்து விசுவாசம் போதாது என்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அன்னை தெரசா பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டோடு வாழ்ந்ததை 2007-இல் வெளியான அவருடைய கடிதங்கள் காட்டின. அந்த இருட்டிலும் அவர் வேலையை விடவில்லை.

வானம் பார்த்த பூமியில் சோர்வுக்குக் காரணம் தேட ஆவி உலகத்துக்குப் போக வேண்டியதில்லை. கண்மாய் வறண்டிருக்கும், குழுக்கடன் தவணைக்கு ஆள் வாசலில் நிற்பார், 2018 நவம்பரில் கஜா புயல் மாவட்டத்தின் தென்னைகளைச் சாய்த்தது போல ஒரே ராத்திரியில் பல வருட உழைப்பு போகும். இதில் சிக்கியவர்களிடம் ‘இன்னும் விசுவாசியுங்கள்’ என்பது ஆறுதல் அல்ல, இரண்டாவது தண்டனை. டாக்டர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் அதைவிட ஆபத்தானவர்கள். ஜெபக் கூட்டங்களின் சாட்சி நேரத்திலோ விசா கிடைத்தவரும் வீடு கட்டியவரும்தான் மேடை ஏறுகிறார்கள். சோர்வு நீங்காதவருக்கு மைக் கிடையாது, காணிக்கை கவர் மட்டும் தவறாமல் கிடைக்கும். முன்வரிசையில் அரசியல் பிரமுகருக்குச் சால்வை.

எலியாவுக்குப் பிடிப்பு திரும்பிய விதமே வேறு. உணவு, உறக்கம், நாற்பது நாள் பயணம். பிறகு செய்வதற்கு வேலையும் கூடவே ஓர் ஆளும். புலம்பல் தீர்ந்த பிறகு வேலை என்று கர்த்தர் காத்திருக்கவில்லை. புலம்பலின் நடுவிலேயே அனுப்பினார். துணையாகக் குறிக்கப்பட்ட எலிசா பன்னிரண்டு ஏர் மாடுகளோடு உழுதுகொண்டிருந்தான். எலியா அவன்மேல் தன் சால்வையைப் போட்டார். அதற்குக் காணிக்கை வசூலித்ததாக எங்கும் எழுதப்படவில்லை.